மலை மேல் ரிட்டயர்மெண்ட்: ஒரு பி.காம் கணக்கு

ரிட்டயர் ஆக இன்னும் முப்பத்தெட்டு வருஷம் இருக்கிற ஒருத்தன் ரிட்டயர்மெண்ட் பற்றி எழுதும் பதிவு இது. "முதல்ல உனக்கு வேலை கெடைக்கட்டும்ல" என்று நம்ம வகுப்பு மக்கள் சொல்வது காதில் விழுகிறது :-) ஆனாலும் இந்தப் பேச்சு இப்போது நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாக்களுக்கெல்லாம் ஐம்பதைத் தாண்டியாச்சு. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் "கடைசிக் காலத்துல ஏதாவது சின்ன மலை ஊரா பாத்து ஒரு வீட்ட வாங்கி அக்கடான்னு கெடக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். உடனே அம்மா, "அங்க யாரு தோசைக்கு மாவு அரைப்பா? குளிர்ல புளிக்கவே செய்யாது" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆசை மட்டும் முடிவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிக்காரர்கள் மலை மேல் போய் வீடு வாங்கவே கூடாது. மலையடிவாரம் போதும். அங்கேயும் முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஊர்க்கதை, கடைசியில் கொஞ்சம் கோபம்.

மலை ஊர் என்றதும் எல்லோரும் சொல்வது ஊட்டி, கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி. காசு கம்மியாக இருந்தால் ஏற்காடு. "ஏழைகளின் ஊட்டி" என்று அதற்குப் பெயர், இன்று அங்கே எந்த ஏழை நிலம் வாங்குகிறாரோ தெரியவில்லை. இந்த ஊர்களில் விலையை ஏற்றுவது ஓய்வு பெற்றவர்கள் இல்லை. வருஷத்தில் பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களும், வாங்கி லாட்ஜ் ஆக்குகிறவர்களும்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குக் கூட்டம். பென்ஷனை நம்பி இருக்கிற ஆள் அந்தக் கூட்டத்தோடு போட்டி போட்டு ஏலம் கேட்க முடியாது.

வெளிநாட்டிலும் இந்த ஆசை உண்டு. அமெரிக்கர்கள் ஈக்வடாரில் குவென்கா, பனாமாவில் பொக்கேட்டே என்று மலை ஊராகத் தேடிப் போய் செட்டில் ஆகிறார்கள். குவென்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம்ம தொட்டபெட்டா மாதிரி. அவர்கள் தந்திரம் எளிமையானது. பென்ஷன் டாலரில் வரும், செலவு சின்ன ஊர் விலையில் ஆகும். இந்தத் தந்திரம் நமக்கும் தெரியாததில்லை. பம்பாயிலும் துபாயிலும் சம்பாதித்து கல்லிடைக்குறிச்சியில் செலவழிக்கிறவர்கள் ரெண்டு தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்கள். யாரும் அதைப் பற்றிப் பத்திரிகையில் பட்டியல் போடவில்லை, அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். அப்பா கையில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 30 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (எங்கள் அப்பாவுக்கு அவ்வளவு வராது. ஒரு பேச்சுக்கு.) அதை மலையில் வீடாக்கினால் முதல் நாளே பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கு முன்பே போன காசு இது.

அதே 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? 2023 பட்ஜெட்டில் இதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் வருஷத்துக்கு 2,46,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 கைக்கு வரும். மாதக் கணக்கில் 20,500. புதிதாகப் போடுகிறவர்களுக்கு வட்டி கூடலாம் குறையலாம், ஆனால் போட்ட அன்றைக்கு இருந்த வட்டி ஐந்து வருஷத்துக்கு அப்படியே நிற்கும். இப்போது வாடகை மாதம் 8,000 என்று வையுங்கள். அதைக் கொடுத்த பிறகும் 12,500 மிச்சம், முதலும் பத்திரம். வீடு வாங்கியவருக்கு வாடகை இல்லைதான். ஆனால் மாசம் பிறந்தால் கையில் வரும் அந்த இருபதாயிரமும் இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று தூங்கி வழிந்துகொண்டே கேட்டோமே, அது இதுதான்.

"வீட்டு விலை ஏறுமே" என்பீர்கள். ஏறட்டும். எழுபது வயதில் அவசரத்துக்கு மலை வீட்டை விற்க முடியுமா? வாங்குகிறவர் சீசனில்தான் வருவார். வந்தாலும் பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் கேட்பார். மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமம் என்றால் கட்டுவதற்கே தனி அனுமதி வேண்டும். 2016 அக்டோபருக்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பத்திரப் பதிவே சிக்கல். மலையில் "சீப்பா ஒரு ப்ளாட் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், அது ஏன் சீப் என்பதை இந்தக் காகிதங்களில்தான் தேட வேண்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. நெஞ்சு வலித்தால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். கொடைக்கானலில் இருந்து மதுரைக்கு இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவும் கொண்டை ஊசி வளைவில் லாரி எதுவும் நிற்காமல் இருந்தால். மலையின் காற்று இதயத்துக்கு நல்லது என்கிறவர்கள் இந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு மேடும் படிக்கட்டும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஈரச் சுவரும் தனி.

நிற்க. நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். பொதிகை மலையிலிருந்து இறங்கி, பாபநாசத்தில் தரையைத் தொட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று நெல்லை வரை வருகிறது தாமிரபரணி. இந்த அடிவார ஊர்களுக்குச் சுற்றுலா அந்தஸ்து கிடையாது. அதனாலேயே கையைக் கடிக்காது.

விக்கிரமசிங்கபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் அருவித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய பஞ்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். மில்லில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதாவது வயசானவர்களுக்குப் பழகிய ஊர். டீக்கடை பெஞ்சில் காலை ஐந்தரைக்கு இடம் கிடைக்காது. எந்த மெடிக்கலில் சுகர் மாத்திரைக்குத் தள்ளுபடி, எந்த டாக்டர் பேசினால் காது கொடுத்துக் கேட்பார் என்பதெல்லாம் அந்த பெஞ்சிலேயே தெரிந்துவிடும். கண்ணை நிமிர்த்தினால் மலை. ஏறத் தேவையில்லை, பார்த்தால் போதும்.

அம்பையில் தாலுகா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்து நெல்லை ஏறக்குறைய 35 கிலோமீட்டர், சமதள ரோடு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். பஸ் இல்லையென்றால் நெல்லை-செங்கோட்டை ரயில். 2012-ல் தென்காசி வரை அகலப்பாதை ஆன பிறகு அந்தப் பயணம் இன்னும் சுலபம். கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்திலும் அம்பைத் தெருக்களிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. வீடு பாழாகாமல் யாராவது விளக்கேற்றினால் போதும் என்று நினைக்கிறவர்கள்கூட உண்டு. ஆள் தெரிந்தால் வாடகை பேசலாம். புரோக்கர் பலகையில் இது வராது, அப்பளக் கடையில் விசாரித்தால் வரும்.

கடையமும் நல்ல ஊர்தான். பாரதியார் 1918 கடைசியிலிருந்து 1920 வரை மனைவி செல்லம்மாவின் அந்த ஊரில்தான் இருந்தார். கையில் காசில்லாமல் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலை தெரிகிறது என்பதற்காக அரிசி சும்மா வராது.

குற்றாலம் மட்டும் வேண்டாம் என்பேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் சீசன். அந்த மூன்று மாசம் ஊர் உங்களுடையது இல்லை. வாடகை ஏறும், ரோட்டில் எண்ணெய்க் குளியல்காரர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் ஹாரன். பக்கத்தில் இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று தங்கினால் அதே சாரல் வீட்டு வாசலுக்கே வரும், ஹாரன் வராது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகு கலெக்டர் ஆபீஸ் வேலைக்கும் நெல்லைக்கு ஓட வேண்டியதில்லை.

அடிவாரம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அம்பையில் ஏப்ரல், மே வெயில் வெயில்தான், மலையடி என்பதால் சலுகை கிடையாது. மலையை ஒட்டிய கடைசித் தெருக்களில் சிறுத்தை, கரடி, யானை எல்லாம் நிஜமான பிரச்சினை. 2024 மே மாதம் விக்கிரமசிங்கபுரம் பக்கம் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு கிராமங்களில் ஆடு, நாய் என்று பிடித்துக்கொண்டிருந்த சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். வாக்கிங் போகிற தாத்தாக்கள் மலைப்பக்கம் போகாமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனால் நல்லது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றங்கரையில் "ரிவர் வியூ" என்று விற்கிற மனைகளுக்கு அந்த ரெண்டு நாளில் முழு வியூவும் கிடைத்தது. எனவே ஆற்றுக்குப் பக்கம் என்றால் மேட்டுத் தெரு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவே பொய். "நம்ம மாவட்டத்திலேயே மலை ஊர் இருக்கே, மாஞ்சோலை?" என்று ஒரு நண்பன் கேட்டான். ஆமாம், இருந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தேயிலைத் தோட்டம், லைன் வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், சர்ச், மசூதி, தபால் ஆபீஸ் எல்லாம் இருந்த மலை ஊர். மழை என்றால் அப்படி ஒரு மழை, 1992 நவம்பரில் காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. கொட்டியது. கேட்பதற்கு நாம் தேடுகிற சின்ன மலை ஊர் மாதிரியே இருக்கிறது இல்லையா? அங்கே நீங்களும் நானும் ஒரு சென்ட் வாங்க முடியாது. அது பரவாயில்லை, சுற்றுலாக்காரனுக்கு அங்கே என்ன வேலை. நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து வேலை செய்தவர்களாலும் ஒரு சென்ட் வாங்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் சுமார் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. 1952-ல் ஜமீன் அரசுக்குப் போன பிறகும் குத்தகை தொடர்ந்தது. 1988-ல் சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. 2018-ல் அந்த நிலத்தையும் காப்புக்காடாக அரசு அறிவித்தது. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு முன்பே கம்பெனி 2024-ல் தோட்டத்தை மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் ஜூன் 14-க்குள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகஸ்ட் 7-க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ்.

விருப்ப ஓய்வு! நம் அப்பாக்கள் மலைக்குப் போய் ரிட்டயர் ஆகலாமா என்று யோசிக்கிறார்கள். மலையிலேயே வாழ்ந்தவர்களுக்கு ரிட்டயர் ஆவது என்றால் மலையை விட்டு இறங்குவது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. அதன்படி வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமையாக இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை போனால் வீடும் போகும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு கதவு கிடையாது.

அவர்கள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம், நாம் காமர்ஸ் பிள்ளைகள்தானே. கிராஜுவிட்டி என்பது ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் கூலி. 30 வருஷம் வேலை பார்த்தால் 450 நாள் கூலி. மாதம் 26 நாள் வேலை என்றால் பதினேழு மாதச் சம்பளம். முப்பது வருஷத்துக்கு. பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். மேலே நான் போட்ட 30 லட்சம் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மாஞ்சோலை என்றாலே நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு தேதியும் ஞாபகம் வரும். 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்கள் மேல் போலீஸ் தடியடி. கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நாம் பிறப்பதற்கு முன்பு. ஆனால் நாம் பஸ்ஸில் தினமும் கடக்கிற பாலத்துக்குப் பக்கத்தில்.

2024-ல் நோட்டீஸ் வந்ததும் வழக்கு போட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் வெளியேற்றுவதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. டான்டீ, அதாவது அரசுத் தேயிலைக் கழகம், தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்பது தொழிலாளர்களின் முக்கியமான கோரிக்கை. அதை டிசம்பர் 3 தீர்ப்பில் ஏற்கவில்லை. வீடு, கடனுதவி, தொழிற்பயிற்சி என்று அரசு ஒரு மறுவாழ்வுப் பட்டியல் வைத்தது.

காடு காடாகட்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதே அந்தச் சோலைக்காடுகளால்தான். தேயிலைக்கு நடுவில் நூறு வருஷம் போனது போதும். நம் வகுப்பில் சில பேர் "அவங்கள அங்கேயே விட்டுரணும்" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நான் அப்பாவிடம் சொன்ன அதே காரணங்கள்தான். ஆஸ்பத்திரி தூரம், மோசமான மலைப்பாதை, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பஸ். கம்பெனி போன பிறகு அறுபது வயதுக்காரர்கள் அங்கே யாரை நம்பி இருப்பது?

ஆனால் இறங்கச் சொல்கிறவர்கள் எங்கே இறங்கச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நெல்லைக்குப் பக்கத்து ரெட்டியார்பட்டி அடுக்குமாடி வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வாழ்நாள் முழுக்கக் குளிரில், வாசலில் நாலு காய்கறிச் செடியோடு இருந்த ஒரு பெண்மணியை அறுபது வயதில் மாடி வீட்டில், நெல்லை வெயிலில் கொண்டுபோய் வைப்பது எப்படி மறுவாழ்வு ஆகும்? வேலை தெரிந்ததெல்லாம் தோட்ட வேலை. சொந்தக்காரர்கள், பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசை. நம் அப்பாவுக்கு வீடு பார்க்கும்போது மலை தெரியணும், டீக்கடை இருக்கணும், தெரிஞ்ச முகம் இருக்கணும் என்று இவ்வளவு பார்க்கிறோமே.

மணிமுத்தாறு இருக்கிறது. அம்பை, கல்லிடை, விக்கிரமசிங்கபுரம் இருக்கின்றன. அந்த அடிவாரத்தில், ஒரே இடத்தில், ஐந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கும் தரைத்தள வீடு, வீட்டைச் சுற்றி ரெண்டு சென்ட் மண், பெண்கள் பெயரில் பட்டா. ஏற்கெனவே இறங்கி வாடகை வீட்டில் இருப்பவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். காட்டைத் திரும்பக் காடாக்கப் போகிறார்கள் என்றால் நாற்று வளர்க்க, களை எடுக்க ஆள் வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்தவர்களுக்கு வனத்துறை அந்தக் கூலி வேலையையாவது முதலில் கொடுக்கலாம்.

எங்கள் அப்பா இதைப் படித்துவிட்டு, "அப்போ அம்பையில எனக்கு வீடு பாக்கியா இல்லியா?" என்று கேட்டார். தைப்பொங்கல் லீவில் கல்லிடைக்குறிச்சியில் ரெண்டு வாடகை வீடு பார்க்கப் போகிறோம். அம்மா உரல் வைக்க இடம் இருக்கா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறார்.